அக்காவின் குரல் யாருக்குச் சொந்தம்?

2024 ஜனவரி 25. பெங்களூருவில் யுவன் சங்கர் ராஜாவும் இயக்குநர் வெங்கட் பிரபுவும் ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மெட்டு உருவாக உருவாக இருவருக்கும் ஒரே எண்ணம். இது பவதாரிணி பாட வேண்டிய பாட்டு. அக்கா உடம்பு தேறி வந்ததும் பாட வைத்துவிடலாம் என்று தம்பி மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். ஒரு மணி நேரம் கழித்து இலங்கையிலிருந்து செய்தி வந்தது. சிகிச்சைக்காக அங்கே போயிருந்த பவதாரிணி இறந்துவிட்டார். வயது 47.

ஐந்து மாதங்கள் கழித்து, ஜூன் 22 அன்று, அந்தப் பாட்டு வெளியானது. 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்'. வரிகள் கபிலன் வைரமுத்து. பாடியவர்கள் விஜய், பவதாரிணி. ஆம், பவதாரிணிதான். செயற்கை நுண்ணறிவின் துணையோடு அவருடைய குரல் மறுபடி உருவாக்கப்பட்டிருந்தது. ஜனவரியில் நடந்ததையும், அக்காவின் குரலை இப்படிப் பயன்படுத்த நேரும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை என்பதையும் யுவனே அப்போது சமூக வலைதளத்தில் எழுதினார்.

பாட்டைக் கேட்டு அழுதவர்கள் பலர். 'இது சரிதானா?' என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்கு யுவன் ஏற்றுக்கொண்ட மார்க்கத்தில் என்ன பதில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தால், அது ஒரு சினிமாப் பாட்டோடு நின்றுவிடுவதில்லை. செல்போனில் அம்மாவின் குரலைச் சேமித்து வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் வந்து சேருகிறது.

மலையடிவாரத்து வீடு

தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி, தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவில் இருக்கிறது பண்ணைப்புரம். விடியுமுன்னே ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரள மலைப்பக்கம் ஜீப்புகள் ஏறிப் போகும் வட்டாரம் இது. இந்த ஊரில்தான் 1943-ல் இளையராஜா பிறந்தார். பாவலர் வரதராஜனும் கங்கை அமரனும் இந்த வீட்டுப் பிள்ளைகள். கங்கை அமரனின் மகன் வெங்கட் பிரபு. இளையராஜாவின் பிள்ளைகள் கார்த்திக் ராஜா, பவதாரிணி, யுவன். ஆக, 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டின் இசையமைப்பாளர், படத்தின் இயக்குநர், பாடகி மூவருமே பண்ணைப்புரத்து வீட்டுப் பேரப் பிள்ளைகள்.

பவதாரிணி 1995-ல் 'ராசய்யா' படத்தில் பாடினார். 2000-ல் வந்த 'பாரதி' படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். குழந்தை பேசுவது போன்ற மெல்லிய குரல். வேறு எந்தக் குரலோடும் குழப்பிக்கொள்ள முடியாத குரல். இறந்த பின் அவர் உடல் தேனி மாவட்டத்துக்கே கொண்டுவரப்பட்டு, அம்மா ஜீவாவின் நினைவிடத்துக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது.

ஜீவா மறைந்தது 2011 அக்டோபரில். அம்மாவின் இழப்பு யுவனை உலுக்கியது. மக்காவுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் தொழுகை விரிப்பு ஒன்றைக் கொடுத்து, மனம் கனக்கும்போது இதில் உட்கார் என்று சொன்னதையும், அது தன்னை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2014-ல் தான் இஸ்லாத்தைப் பின்பற்றுவதாக வெளிப்படையாக அறிவித்தார்.

அதே 2024 ஜனவரி மாத இறுதியில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மூலம் ஏ.ஆர்.ரஹ்மான் கொண்டுவந்திருந்தார். பம்பா பாக்யா இறந்தது 2022 செப்டம்பரில். சாகுல் ஹமீது 1997-ல் சாலை விபத்தில் போனவர். கால் நூற்றாண்டுக்கு முன் அடங்கிய குரல் அது. கேள்விகள் எழுந்ததும் ரஹ்மான் பதில் சொன்னார். இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கினோம், குரலின் அல்காரிதத்தைப் பயன்படுத்தியதற்கு உரிய சன்மானமும் கொடுத்தோம், சரியாகப் பயன்படுத்தினால் தொழில்நுட்பம் ஆபத்தல்ல என்பது அதன் சாரம்.

ஒரே ஆண்டில், தமிழ் சினிமாவின் இரண்டு பெரிய இசையமைப்பாளர்கள், இருவருமே இஸ்லாத்தைத் தேர்ந்துகொண்டவர்கள், இறந்தவர்களைப் பாட வைத்தார்கள்.

ரஹ்மான் சொன்ன 'அல்காரிதம்' என்ற சொல்லே ஒரு முஸ்லிம் அறிஞரின் பெயரிலிருந்து வந்தது. 9-ம் நூற்றாண்டில் பாக்தாத்தின் 'அறிவு இல்ல'த்தில் பணியாற்றிய கணித மேதை அல் குவாரிஸ்மி. அவர் பெயர் லத்தீனுக்குப் போய்த் திரிந்து அல்காரிதம் ஆனது. கணக்கும் கருவியும் இஸ்லாமிய மரபுக்கு அந்நியமானவை அல்ல. அவற்றை வைத்து என்ன செய்கிறோம் என்பதைத்தான் அந்த மரபு கேட்கிறது.

இயந்திரம் என்ன செய்கிறது?

குரலை மறுபடி உருவாக்குவது என்றால், இறந்தவர் எங்கிருந்தோ வந்து பாடுவதில்லை. அவர் முன்பு பாடிய பதிவுகளை எடுத்து, வாத்தியச் சத்தத்தைப் பிரித்து, குரலை மட்டும் கணினிக்குக் கொடுப்பார்கள். அந்தக் குரலின் நிறம் எப்படி, 'ல'வும் 'ழ'வும் எப்படி விழும், மேல் ஸ்தாயியில் எப்படி மெலியும் என்பதையெல்லாம் கணினி எண்களாகப் பழகிக்கொள்ளும். பிறகு புதிய பாட்டை வேறொருவர் முழுசாகப் பாடிக் கொடுப்பார். கணினி அவருடைய குரல் நிறத்தை எடுத்துவிட்டு மறைந்தவரின் நிறத்தைப் பூசும்.

மூச்சு விட்ட இடம், அழுத்தம் கொடுத்த இடம், ஒரு சொல்லில் கொஞ்சம் தயங்கிய இடம் எல்லாமே உயிரோடு இருக்கும் அந்த இன்னொருவருடையவை. மேலே தெரியும் குரல் மட்டும் போனவருடையது. பாட்டு ஓடும்போது பாடியவர் பெயராக நமக்குத் தெரிவது பெரும்பாலும் ஒருவருடையதுதான்.

இதில் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். போனவர், அடியில் பாடியவர், செய்யச் சொன்னவர். இயந்திரம் நாலாவது ஆள் இல்லை. இஸ்லாமியச் சட்டத்தில் 'முகல்லஃப்' என்றொரு சொல் உண்டு. புத்தியும் பருவமும் வந்து, தன் செயலுக்குத் தானே பதில் சொல்ல வேண்டிய மனிதர் என்று பொருள். கணினிக்கு அந்தத் தகுதி கிடையாது. அது நன்மையும் செய்யாது, பாவமும் செய்யாது. 'ஏ.ஐ. செய்துவிட்டது' என்ற சமாதானம் அங்கே எடுபடாது. பொத்தானை அழுத்திய விரல் யாருடையதோ, கணக்கு அவருடையது.

எண்ணம் முதலில்

கணக்கு எங்கே தொடங்குகிறது? புகாரி நபிமொழித் தொகுப்பின் முதல் செய்தியே எண்ணத்தைப் பற்றியதுதான். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பது அதன் கருத்து. 'நிய்யத்' என்ற சொல் தெரியாத தமிழ் முஸ்லிம் வீடு இருக்காது. நோன்பு வைப்பதற்கும் நிய்யத், தொழுவதற்கும் நிய்யத்.

அக்காவுக்காக மெட்டமைத்த தம்பி, அவர் இல்லாமல் போனதும் அந்த இடத்தை வேறு குரலால் நிரப்ப மனமில்லாமல் இருந்த எண்ணத்தை யாரும் எளிதில் குறை சொல்ல முடியாது. அதே தொழில்நுட்பத்தை வைத்து, துபாயில் வேலை செய்யும் மகனின் குரலில் கம்பத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, 'ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்பு' என்று அழும் மோசடிக்காரரின் எண்ணம் வேறு. கருவி ஒன்று, நிய்யத் இரண்டு.

ஆனால், நல்ல எண்ணம் மட்டும் போதும் என்று அந்த மரபு நிறுத்திக்கொள்ளவில்லை. நல்ல எண்ணத்தோடு அடுத்தவர் வீட்டுத் தோட்டத்தில் காய் பறித்து ஏழைக்குக் கொடுத்தாலும், தோட்டக்காரரைக் கேட்டாக வேண்டும். இறந்தவரின் குரலில் தோட்டக்காரர் யார்?

வாரிசுச் சொத்தா, அமானிதமா?

இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டம் துல்லியமானது. மனைவிக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு, தாய்க்கு இவ்வளவு என்று திருக்குர்ஆனின் நான்காவது அத்தியாயம் பங்கு பிரித்துச் சொல்கிறது. அதற்கும் முன்னால், இறந்தவரின் கடனை அடைக்க வேண்டும், அவர் எழுதிவைத்த மரண சாசனத்தை நிறைவேற்ற வேண்டும். நிலம், நகை, ரொக்கம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பழைய பதிவுகளிலிருந்து வரும் ராயல்டிகூட வரலாம். ஆனால் குரல்? 'மகனுக்கு இரண்டு பங்கு குரல், மகளுக்கு ஒரு பங்கு' என்று பிரிக்க முடியாது.

உடம்பையும் உறுப்புகளையும் 'அமானிதம்' என்றுதான் ஆலிம்கள் சொல்வார்கள். ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று அர்த்தம். வைத்திருந்தவரே அதற்கு முழு உரிமையாளர் இல்லை. வானமும் பூமியும் மலைகளும் சுமக்க அஞ்சி மறுத்த அமானிதத்தை மனிதன் சுமந்துகொண்டான் என்று திருக்குர்ஆனின் 33-ம் அத்தியாயம் சொல்கிறது. இறந்தவர் வீட்டில் ஓதப்படும் யாசீன் அத்தியாயத்திலும் இதைத் தொடும் ஒரு காட்சி உண்டு. மறுமை நாளில் வாய்கள் மூடி முத்திரையிடப்படும். கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும். ஒருவரின் உறுப்பு, ஒருநாள் அவருக்குச் சாட்சியாக நிற்கப்போகிற ஒன்று. அதை வேறொருவர் எடுத்து விருப்பம்போலப் பேச வைப்பது சின்ன விஷயம் இல்லை.

இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்ற கருத்தில் ஒரு நபிமொழியும் உண்டு. மய்யித்தைக் குளிப்பாட்டும்போதுகூட உடம்பை மறைத்து, வலிக்குமோ என்பதுபோல மென்மையாகக் கையாளச் சொல்லும் பழக்கம் அதிலிருந்து வருகிறது. மரணத்தோடு ஒருவரின் கண்ணியம் முடிவதில்லை.

நம் நாட்டுச் சட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுகிறது. ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய படத்துக்கும் வெப் சீரிஸுக்கும் எதிராக அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவர் மரணத்தோடு முடிந்துவிடும், அசையும் சொத்து அசையாச் சொத்துபோல அவற்றை வாரிசுகள் பெற முடியாது என்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2021 ஏப்ரலில் சொன்னது. உயிரோடு இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. பாடகர் அரிஜித் சிங் வழக்கில், அனுமதியில்லாமல் அவர் குரலைச் செயற்கை நுண்ணறிவால் நகலெடுக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இறந்தவரின் குரலுக்கு அந்த அளவு தெளிவான வேலி இல்லை.

குரல் வாரிசுச் சொத்து இல்லை என்கிற வரைக்கும் நீதிமன்றமும் மார்க்கமும் ஏறக்குறைய ஒரே பக்கம்தான். அதன் பிறகு பிரிகின்றன. யாருக்கும் சொந்தமில்லாததை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற ஓட்டை சட்டத்தில் விழக்கூடும். அமானிதம் என்ற கருத்தில் அந்த ஓட்டை இல்லை. யாருக்கும் சொந்தமில்லை என்பதாலேயே அதற்குக் காவல் வேண்டும். குடும்பம் அந்தக் காவலைச் செய்கிறது.

மன்னிக்க ஆள் இல்லாத கடன்

கேட்டுச் செய்வதற்கும் கேட்காமல் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் தெலுங்கில் நடந்த ஒரு சம்பவத்தில் தெரிந்தது. 2023-ல் வந்த 'கீடா கோலா' படத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரல் செயற்கை நுண்ணறிவு வழியாகப் பயன்படுத்தப்பட்டது. குடும்பத்திடம் கேட்கவில்லை என்று சொல்லி, மகன் எஸ்.பி.சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அப்பாவின் குரல் தொடர்ந்து ஒலிப்பதில் அவருக்கு வருத்தம் இல்லை. தெரியாமல் நடந்ததுதான் வருத்தம்.

தமிழில், 'கோட்' படத்திலேயே மறைந்த விஜயகாந்தின் உருவம் குடும்பத்தின் அனுமதியோடு வந்தது. அந்தப் படம் வருவதற்கு முன்பே, முன் அனுமதி இல்லாமல் விஜயகாந்தை இப்படி யாரும் பயன்படுத்தக் கூடாது என்று பிரேமலதா விஜயகாந்த் அறிக்கை விட்டிருந்தார்.

ரஹ்மான் அனுமதியோடு நிறுத்தாமல் சன்மானமும் கொடுத்தார். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்ற நபிமொழியை மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். சாகுல் ஹமீதின் வியர்வை 27 ஆண்டுகளுக்கு முன்பே உலர்ந்துவிட்டது. ஆனாலும் கூலி போய்ச் சேர்ந்தது அவருடைய வீட்டாருக்கு.

இதுவரை சரி. இன்னொரு படி மிச்சம் இருக்கிறது. இஸ்லாத்தில் 'ஹக்குல் இபாத்' என்று சொல்வார்கள். சக மனிதருக்குச் சேர வேண்டிய உரிமை. இறைவனுக்குச் செய்யத் தவறியதை இறைவன் மன்னிப்பான். மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும். ஹஜ்ஜுக்குக் கிளம்புமுன் வீடு வீடாகப் போய், 'ஏதாவது தப்புச் செய்திருந்தால் பொறுத்துக்கங்க' என்று கேட்டுவிட்டுப் போகும் வழக்கம் இதனால்தான்.

இறந்தவரிடம் அப்படிக் கேட்க முடியாது. குடும்பம் அனுமதி கொடுக்கலாம், பணம் வாங்கிக்கொள்ளலாம், சந்தோஷப்படலாம். 'என் குரலை இப்படிப் பயன்படுத்தியதைப் பொறுத்துக்கொண்டேன்' என்று மட்டும் போனவருக்குப் பதிலாக யாராலும் சொல்ல முடியாது. அன்போடு செய்தவருக்கும் இந்தப் படியில் சுலபமான பதில் இல்லை.

யார் சொன்னது?

அடுத்தது உண்மை. நபிகளாரின் சொற்களைத் தொகுத்தவர்களுக்குப் பெரிய தலைவலி, போலிச் செய்திகள். அவர் சொல்லாததையெல்லாம் அவர் பெயரில் சொல்லும் ஆட்கள் பெருகினார்கள். அதற்கு அறிஞர்கள் கண்ட மருந்துதான் 'இஸ்னாத்', அறிவிப்பாளர் வரிசை. இந்தச் செய்தியை உனக்குச் சொன்னது யார், அவருக்குச் சொன்னது யார் என்று கடைசிவரை போய்ப் பார்ப்பது. வரிசையில் இருக்கும் ஒவ்வொருவரும் நினைவாற்றல் உள்ளவரா, பொய் பேசாதவரா, இருவரும் சந்திக்க வாய்ப்பு இருந்ததா என்று தனித்தனியாக விசாரிப்பது. அப்படிச் சலித்தெடுத்தவர்களில் முக்கியமானவர் 9-ம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் புகாரி.

சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும், வரிசையில் ஓர் ஆள் சந்தேகத்துக்குரியவர் என்றால் செய்தி பலவீனமானது என்று ஒதுக்கப்பட்டது. 'கேட்டால் அவர் குரல் மாதிரியே இருக்கிறது' என்பது அங்கே சாட்சி ஆகாது. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குரல் பதிவை முன்னால் அனுப்பும்போது கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. யாரிடமிருந்து வந்தது? அவருக்கு யார் அனுப்பியது? கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்தில் நபிமொழி உண்டு. நம்பத்தகாதவர் செய்தி கொண்டுவந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள் என்கிறது திருக்குர்ஆனின் 49-ம் அத்தியாயம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் குரலில் பணம் கேட்டு அழைப்பு வந்தால் செய்ய வேண்டியதும் அதே விசாரணைதான். போனை வைத்துவிட்டு, கையில் இருக்கும் பழைய எண்ணில் நீங்களே கூப்பிட வேண்டும். குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லைக் கேட்க வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

யுவனும் ரஹ்மானும் இது இயந்திரம் உருவாக்கிய குரல் என்பதை மறைக்கவில்லை. அது முக்கியமான வித்தியாசம். கேட்பவருக்குத் தெரியும். ஏமாற்று இல்லை. ஆனால் அறிவிப்பு இல்லாமல் பாட்டு மட்டும் ரீல்ஸாக உடைந்து உலவும்போது, பத்து வருடம் கழித்துக் கேட்கும் ஒரு குழந்தைக்கு எது பவதாரிணி பாடியது, எது அவர் பாடாதது என்று எப்படித் தெரியும்?

பாட்டிலாவது வரிகள் கவிஞருடையவை என்று எல்லோருக்கும் தெரியும். பேச்சில் இது இன்னும் சிக்கல். 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில், 2018-ல் மறைந்த மு.கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். நூலாசிரியரை வாழ்த்தினார், மகனின் தலைமையைப் பாராட்டினார். பார்த்தவர்களுக்கு அது ஏ.ஐ. என்று தெரியும். ஆனால் அந்தச் சொற்கள் அவர் வாழ்நாளில் சொன்னவை அல்ல. மனிதன் உதிர்க்கும் ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்ய ஒருவர் உடன் இருக்கிறார் என்பது இஸ்லாமிய நம்பிக்கை. அப்படியானால், இறந்தவர் சொல்லாத சொல் யார் கணக்கில் ஏறும்? எழுதிக் கொடுத்தவர் கணக்கில்தான் ஏற முடியும்.

கேசட்டில் வந்த அத்தா

ராவுத்தர்கள் நிறைந்த உத்தமபாளையம், கம்பம் பக்கம் மட்டுமல்ல, வளைகுடாவுக்கு ஆள் போன எல்லா ஊர்களிலும் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு நினைவு இருக்கும். போன் கிடைக்காத அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதில் கேசட் வரும். சவூதியிலிருந்து யாராவது ஊருக்கு வந்தால், அவர் பெட்டியில் அத்தா பேசிய கேசட் இருக்கும். டேப் ரிக்கார்டரைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்து கேட்கும். இருமல், நடுவில் மின்விசிறிச் சத்தம், 'அப்புறம்... வேற என்ன' என்று தேடும் இடைவெளி எல்லாம் அதில் இருக்கும்.

அத்தா போன பிறகும் அந்த கேசட்டைப் போட்டுக் கேட்கலாம். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. அவர் சொன்னதை அவர் குரலில் கேட்கிறோம். அதே கேசட்டை ஒரு செயலியில் ஏற்றி, 'பேரன் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்லுங்க அத்தா' என்று கேட்டு வாங்கும்போது சங்கதி மாறிவிடுகிறது. முதலாவது நினைவு. இரண்டாவது, அவர் பெயரில் நாம் எழுதும் புதுக் கடிதம்.

துக்கத்துக்கு இஸ்லாம் ஓர் அளவு வைத்திருக்கிறது. கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா. மற்றவர்களுக்கு மூன்று நாள். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கம் செய்யச் சொல்கிறது. அழக் கூடாது என்பதில்லை. நபிகளாரே தன் கைக்குழந்தை இப்ராஹீமை இழந்தபோது கண்ணீர் விட்டார். பிரிவை ஒப்புக்கொண்டு, மிச்சம் இருப்பவர்கள் வாழத் தொடங்க வேண்டும் என்பதே நோக்கம். 2020-ல் தென் கொரியத் தொலைக்காட்சி ஒன்று, இறந்துபோன சின்ன மகளைக் கணினியில் உருவாக்கி, கண்ணில் கருவி மாட்டிய அம்மாவைச் சந்திக்க வைத்தது. அந்த அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கலாம். தினமும் சந்திக்க முடிந்தால் அது ஆறுதலாகவே இருக்குமா என்பது வேறு கேள்வி.

இன்னும் கறாரான பார்வையும் முஸ்லிம்களுக்குள் இருக்கிறது. உருவங்களைப் படைப்பவரிடம், நீ படைத்ததற்கு உயிர் கொடு என்று மறுமையில் சொல்லப்படும் என்ற நபிமொழியைச் சுட்டி, இறந்தவரின் சாயலைச் செய்வதே கூடாது என்பவர்கள் உண்டு. இசைக் கருவிகளே கூடாது என்பவர்களும் உண்டு. நாகூர் ஹனீபாவின் குரலில் பாடல் கேட்டு வளர்ந்த வீடுகளும் அதே சமூகத்தில்தான் இருக்கின்றன. எல்லோரும் ஒத்துப்போகும் புள்ளி ஒன்று உண்டு. இறந்தவருக்கு நன்மையைக் கொண்டு சேர்ப்பவை மூன்று. அவர் விட்டுச் சென்ற நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, அவருக்காகப் பிள்ளை செய்யும் துஆ. போனவர் நம்மோடு பேசுவது இந்தப் பட்டியலில் இல்லை. நாம் அவருக்காகப் பேசுவது இருக்கிறது.

உயிரோடு இருக்கும்போதே

பண்ணைப்புரத்து வீட்டிலேயே இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. 2025 நவம்பரில், தன் பெயரையும் படத்தையும் செயற்கை நுண்ணறிவு கொண்டும் வேறு வழிகளிலும் அனுமதியின்றிப் பயன்படுத்துவதற்கு எதிராக இளையராஜா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மகன் இயந்திரத்தின் துணையோடு அக்காவின் குரலைக் கொண்டுவந்தார். அப்பா இயந்திரத்துக்கு எதிராகத் தடை வாங்கினார். கேட்பதற்கு முரண்போல இருக்கும். இரண்டிலும் இருப்பது ஒரே கேள்விதான். யாரைக் கேட்டுச் செய்தாய்? 80 வயதைக் கடந்த அப்பாவால், வேண்டாம் என்று தன் வாயால் சொல்ல முடிந்தது. மகளுக்கு, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல அவகாசம் கிடைக்கவில்லை.

அந்த அவகாசம் இன்று உயிரோடு இருக்கும் எல்லோருக்கும் இருக்கிறது. எழுதிவைக்க விஷயம் உள்ள ஒரு முஸ்லிம், தன் வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்கக் கூடாது என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. வஸிய்யத் என்றால் நிலம், வீடு என்றே நினைக்கிறோம். இனி குரலையும் முகத்தையும் அதில் ஒரு வரி சேர்க்கலாம். மதம் எதுவானாலும் இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

கேட்பது கொஞ்சம் சங்கடம்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம், 'நீ போன பிறகு உன் குரலை வைத்துக் கம்ப்யூட்டரில் பேச வைக்கலாமா?' என்று கேட்டால், 'இப்பவே அனுப்பப் பாக்குறியா' என்று திட்டு விழலாம். திட்டி முடித்த பிறகு அவர் சொல்லும் பதில் முக்கியம். 'பேத்திக்குத் தாலாட்டு மட்டும்னா சரி' என்று சொல்லலாம். 'போட்டோவே போதும், அதெல்லாம் வேண்டாம்' என்று சொல்லலாம். 'உங்க இஷ்டம்' என்றும் சொல்லலாம். எதுவானாலும் அது அவர் வாயால் வந்த சொல். பின்னால் குழம்பி நிற்கும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய துணை கிடையாது. அதை அப்படியே செல்போனில் பதிவு செய்தும் வைக்கலாம்.

யுவனின் பாட்டை இந்தப் படிகளில் நிறுத்திப் பார்த்தால், எண்ணத்தில் குறை இல்லை. மறைப்பு இல்லை. பாட வைத்த வரிகளில் அவர் கண்ணியத்துக்கு இழுக்கு இல்லை. பவதாரிணியின் சம்மதம் என்ற ஒரு படி மட்டும் காலியாக நிற்கிறது. பெங்களூருவில் அந்த ஒரு மணி நேரம் கொஞ்சம் நீண்டிருந்தால், தம்பி போன் போட்டு, 'அக்கா, உனக்கு ஒரு பாட்டு இருக்கு' என்று சொல்லியிருப்பார். அவர் பதில் சொல்லியிருப்பார்.

அந்தப் பதிலை எந்த இயந்திரத்தாலும் இனி உருவாக்க முடியாது.